ரவிக்குமாருக்குப் போடாத ஊசி

பிப்ரவரி மாதம் பாக்கு மரத்திலிருந்து விழுந்தபோது ரவிக்குமாருக்கு இருபத்தெட்டு வயது. ஒரு மரத்தின் உச்சியை ஆட்டி அடுத்த மரத்துக்குத் தாவுவது பதினாறு வயதிலிருந்து அவனுக்குப் பழக்கம். அன்று அவன் எட்டிப் பிடித்த மரம் உள்ளுக்குள் உளுத்துப்போயிருந்தது. விழுந்த வேகத்தில் இடது விலா கல்லில் மோதியது. தீவில் டுங்கி என்று சொல்லும் சின்ன மோட்டார் படகில் லாங் ஐலண்ட் வரைக்கும், அங்கிருந்து ஹெலிகாப்டரில் போர்ட் பிளேர் வரைக்கும் அவனைக் கொண்டுபோனார்கள். சர்ஜன் வயிற்றைத் திறந்து, கிழிந்துபோன மண்ணீரலை எடுத்துவிட்டுத் தைத்தார். பிழைக்கமாட்டான் என்று நினைத்தவன் பதினோராம் நாள் நடந்தே படகேறி ஜாமுன்டேராவுக்கு வந்து சேர்ந்தான்.

ஜாமுன்டேராவில் ஐம்பது வீடுகள்கூட இல்லை. பாதிப் பேர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து இங்கே ரப்பரிலும் பாக்கிலும் வேலைக்கு அமர்த்தப்பட்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ரவிக்குமாரின் அப்பா கணபதியும் அப்படிக் கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர்தான். மீதிப் பேர் பெங்காலிகள், ஜார்க்கண்ட் பக்கமிருந்து வந்த ராஞ்சிக்காரர்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரு துணை சுகாதார நிலையம், அதில் ஒரே நர்ஸ் சுகுணா. நாற்பத்தொரு வயது. பிறந்தது போர்ட் பிளேரில். அவள் குடும்பம் தீவுக்கு வந்து நான்கு தலைமுறை ஆகிவிட்டதால் அவள் தமிழில் பாதி இந்தி கலந்திருக்கும். டாக்டர் கிடையாது. அவளுக்கு மேலே இருந்த டாக்டர் பிரேம் ரங்கத் என்ற ஊரில் இருந்தார். டுங்கியும் பஸ்ஸுமாக அரைநாள் தூரம்.

மார்ச் முதல் வாரம், புதன்கிழமை, குழந்தைகளுக்கு ஊசி போடும் நாள். ரவிக்குமாரின் மனைவி தமிழரசி ஆறு வாரக் குழந்தை ஹரிணியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கூடவே ரவிக்குமாரும் வயிற்றைப் பிடித்தபடி மெதுவாக நடந்து வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

"சிஸ்டர், ஆஸ்பத்திரில குடுத்த காயிதம். தையல் பிரிச்சாச்சு. வேற ஏதாச்சும் செய்யணுமான்னு பாருங்க" என்றான்.

சுகுணா முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு இரண்டாம் பக்கத்தின் கடைசிக்கு வந்தாள். கிறுக்கலான கையெழுத்தில் மூன்று வரிகள் இருந்தன. அறுவை முடிந்து பதினான்கு நாளுக்குப் பிறகு நிமோனியாக் கிருமிக்கும், மூளைக்காய்ச்சல் கிருமிக்கும், இன்னொரு கிருமிக்கும் தடுப்பூசி போட வேண்டும். தினமும் ஆன்டிபயாடிக் மாத்திரை. காய்ச்சல் வந்தால் அவசரம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் போர்ட் பிளேரில் நடந்த பயிற்சியில், குழந்தைகள், டீன் ஏஜ் பிள்ளைகள், பெரியவர்கள் எல்லோருக்கும் தடுப்பூசி போடுவதைப் பற்றி ஒரு வழிகாட்டிப் புத்தகத்தை மொபைலில் அனுப்பியிருந்தார்கள். நூற்றைம்பது பக்கம். குழந்தைகளின் பகுதி அவளுக்கு மனப்பாடம். பெரியவர்களின் பகுதியை அன்றுதான் திறந்தாள். மண்ணீரல் இல்லாதவர்களுக்கென்று தனியாக அரைப்பக்கம் இருந்தது. என்ன ஊசி, எத்தனை, எத்தனை வாரம் இடைவெளி, எல்லாம் தெளிவாகக் கட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கட்டத்தில் இருந்த ஒன்றுகூட அவளுடைய ஃபிரிட்ஜில் பெரியவர்களுக்கென்று இல்லை.

"ரவி, உக்காரு" என்றாள். "மண்ணீரல்னு ஒண்ணு உனக்கு இப்ப இல்ல. அது ரத்தத்துல வர்ற சில கிருமிங்களப் புடிக்கிற இடம். அது இல்லாததால சாதாரண புகார், ஜுரம்கூட உனக்குச் சாதாரணம் இல்ல. மாலூம், புரியுதா? ஜுரம்னா காலைல பாத்துக்கலாம், சாயந்திரம் பாத்துக்கலாம்னு இருக்கக்கூடாது. உடனே இங்க வந்திரணும்."

"மலேரியா ஜுரம் வந்தாலுமா?"

"எந்த ஜுரமா இருந்தாலும். என்ன ஜுரம்னு நான் பாத்துக்கறேன்."

அவன் தலையாட்டினான். "டீக்கா, அந்தத் தடுப்பூசி போடணும்னு டாக்டரும் சொன்னாரு சிஸ்டர். அங்கயே கேட்டோம். பெரியவங்களுக்கு வெளிய வாங்கணும்னாங்க. வெளிய ரெண்டு கடைல கேட்டா மெயின்லேண்ட்ல இருந்து வரணும்னாங்க. அப்புறம் கப்பல் நேரமாயிருச்சு."

தினமும் போட்டுக்கொள்ளத் தன்னிடம் இருந்த அமாக்ஸிசிலின் மாத்திரைகளைக் கொடுத்தாள். காய்ச்சல் தொடங்கினால் வரும் வழியிலேயே விழுங்க ஒரு பட்டை தனியாகக் கொடுத்து, அதன் மேல் சிவப்பு மையால் 'ஜுரம்' என்று எழுதினாள். பிறகு டாக்டர் பிரேமுக்குப் போன் செய்தாள். அவர் வேலூர்ப் பக்கத்து இளைஞர், ஒப்பந்தத்தில் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எரிந்து விழாமல் கேட்டுக்கொள்வார்.

"நான் ஏற்பாடு பண்றேன் சிஸ்டர்" என்றார். "போர்ட் பிளேர்ல ஒரு கடைக்காரர் எனக்குத் தெரிஞ்சவர். சென்னைல இருந்து ஃப்ளைட்ல வரவழைக்கணும். கொஞ்ச நாள் ஆகும். அதுவரைக்கும் மாத்திரை மட்டும் விடாம சாப்பிடச் சொல்லுங்க."

மார்ச் முடிந்தது. ஏப்ரலும் பாதி போனது. சுகுணா வாரம் ஒருமுறை போன் செய்தாள். ஸ்டாக் இல்லை என்றார்கள் என்பார், அடுத்த வாரம் என்றார்கள் என்பார். ரவிக்குமார் தேறிக்கொண்டு வந்தான். மரம் ஏறுவதில்லை, பாக்கு உரிக்கும் கொட்டகையில் உட்கார்ந்து வேலை பார்த்தான். மாத்திரையை முதலில் ஒழுங்காகச் சாப்பிட்டான். பிறகு வயிறு கழிகிறது என்று ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினான். சுகுணா திட்டிய வாரம் மறுபடி ஒழுங்காகச் சாப்பிடுவான்.

ஏப்ரல் கடைசிப் புதனில் ஹரிணிக்குப் பதினான்கு வாரத்து ஊசிகள். சுகுணா ஃபிரிட்ஜிலிருந்து குப்பிகளை எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தாள். அவற்றில் ஒன்று நிமோனியாக் கிருமிக்கானது. ஒரு குப்பியில் ஐந்து குழந்தைகளுக்கு வரும். அன்று வந்திருந்தவை இரண்டு குழந்தைகள்தான். திறந்த குப்பியை இருபத்தெட்டு நாள் வைத்துக்கொள்ளலாம். அதற்குள் ஜாமுன்டேராவில் அந்த ஊசிக்கு வேறு குழந்தை எதுவும் இல்லை. மூன்று குழந்தைகளுக்கான மருந்து குப்பியோடு குப்பையில் போகும். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் போகிறது.

குழந்தையின் தொடையில் ஊசி ஏறியதும் அது வீறிட்டது. ரவிக்குமார் அதை வாங்கித் தோளில் போட்டுத் தட்டினான். தமிழரசி குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நிமோனியாவுக்குன்னு சொன்னீங்களே, இது அதுவா?"

"ஆமா."

"அவருக்குப் போடணும்னு எழுதியிருக்கிறதும் அதுதானே?"

 "அதே கிருமிக்குத்தான். ஆனா இது குழந்தைங்களுக்குன்னு செஞ்சது. பெரியவங்களுக்கு வேற வரும்."

"இதுல மிச்சம் இருக்கே."

"இரு, கேட்டுப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு சுகுணா படகு வந்து நிற்கும் ஜெட்டிப் பக்கம் நடந்தாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். டாக்டர் பிரேம் மூன்றாம் முறை எடுத்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"நானும் இத யோசிச்சேன் சிஸ்டர். ஆனா வேண்டாம்" என்றார். "அந்தக் குப்பில ரெண்டு வயசு வரைக்கும்னுதான் போட்டிருக்கு. பெரியவங்களுக்கு எவ்வளவு போடணும், போட்டா வேலை செய்யுமான்னு என்கிட்ட ஒரு காகிதம் கிடையாது. ஏதாவது ஆச்சுன்னா உங்க வேலை போயிரும், என்னோடதும் போயிரும். அதவிட முக்கியம், ஒண்ணு போட்டாச்சுன்னு அவர் தைரியமா இருந்துட்டு மத்தத விட்டுடுவார். சரியானது வந்துட்டிருக்கு. இன்னும் ரெண்டு வாரம்."

"சார், தூக்கித்தான் போடப் போறோம்."

"தெரியுது சிஸ்டர்."

அவர் சொன்னதில் தவறு எதையும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. திரும்பி வந்து, "இது உனக்கு ஆகாதாம் ரவி, உன்னோடது ரெண்டு வாரத்துல வந்திருமாம்" என்றாள். ரவிக்குமார் சரி என்றான். தமிழரசிதான் குப்பியை ஃபிரிட்ஜில் வைக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்த முறை டாக்டர் சொன்னபடியே நடந்தது. மே பதினைந்தாம் தேதி வாக்கில் சென்னையிலிருந்து ஒரு ஊசி போர்ட் பிளேருக்கு வந்து இறங்கியது. மூளைக்காய்ச்சல் ஊசி இன்னும் கிடைக்கவில்லை, நிமோனியா ஊசி மட்டும். கடைக்காரர் அதை ஐஸ் கட்டிகளோடு தெர்மோகோல் பெட்டியில் அடைத்து, ரங்கத்துக்குப் போகும் பஸ்ஸில் டிரைவரிடம் கொடுத்து அனுப்பினார். ரவிக்குமாரை ரங்கத்துக்கே வரச் சொல்லி டாக்டர் போன் செய்தார். சுகுணாவுக்கும் மாதக் கூட்டம் அங்கே இருந்தது. இருவரும் ஒரே டுங்கியில் போனார்கள்.

பஸ் வரவில்லை. முந்தின நாள் மழைக்கு, வழியிலிருக்கும் பாராடாங் தீவைத் தாண்டிச் சாலையில் ஒரு பெரிய மரம் விழுந்து, வண்டிகளெல்லாம் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. பஸ் மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தது. ரவிக்குமார் தெரிந்தவர் வீட்டில் தங்கியிருந்து, பத்து மணியிலிருந்தே பஸ் ஸ்டாண்டில் நின்று, பெட்டியை அவனே வாங்கிக்கொண்டு ஓடி வந்தான்.

டாக்டர் பிரேம் மேசை மேல் வைத்துப் பெட்டியைத் திறந்தார். ஐஸ் எல்லாம் தண்ணீர் ஆகியிருந்தது. அந்தத் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, தெர்மாமீட்டரை வைத்தார். இருபத்தெட்டு டிகிரி. குழந்தைகளின் குப்பிகளில் சூடு பட்டால் நிறம் மாறிக் காட்டும் ஒரு சின்ன வட்டம் இருக்கும். கடையில் வாங்கிய இந்த ஊசியில் அது இல்லை.

ரவிக்குமார் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"எத்தனை மணி நேரம் இப்படி இருந்துச்சுன்னு தெரியலயே" என்றார் டாக்டர். சுகுணாவைப் பார்த்தார். எட்டு டிகிரிக்கு மேலே போய், எவ்வளவு நேரம் என்று தெரியாவிட்டால் போடக்கூடாது. சந்தேகம் இருந்தால் போடாதே என்றுதான் எல்லாப் பயிற்சியிலும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவளும் புதிதாகச் சேரும் நர்ஸ்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

டாக்டர் கம்பெனி நம்பருக்குப் போன் போட்டார். இருபது நிமிடம் பேசினார். "கொஞ்ச நேரம் வெளிய இருந்தா தாங்கும்ங்கறாங்க. ஒரு நாளுக்கு மேலன்னா எங்களால எதுவும் சொல்ல முடியாதுங்கறாங்க" என்று போனை வைத்தார்.

"போட்டுருங்க சார்" என்றான் ரவிக்குமார். "கெட்டுப்போயிருந்தாலும் எனக்குத்தானே."

"கெட்டுப்போயிருந்தா வேலை செய்யாது தம்பி. போட்டதா எழுதிருவோம், உள்ள ஒண்ணும் இருக்காது. அப்புறம் நீங்களும் பயமில்லாம இருப்பீங்க, நாங்களும் இருப்போம். அது இன்னும் மோசம்."

"சும்மா தண்ணி மாதிரின்னா, போட்டுட்டு திரும்பவும் ஒண்ணு போட்டுக்கலாமே சார்?"

 அந்தக் கேள்வியை சுகுணா பிறகு பல நாள் நினைத்துப் பார்த்திருக்கிறாள். அன்று அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்ததை எப்படிக் கொண்டுவருவது என்று டாக்டர் பேச ஆரம்பித்துவிட்டார். இனிமேல் பஸ்ஸே வேண்டாம், ஊசி வந்ததும் ரவிக்குமாரே போர்ட் பிளேருக்குப் போய் அங்கேயே போட்டுக்கொள்ளட்டும் என்றார். ரவிக்குமார் சுருட்டிய கையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

ஜூன் முதல் வாரம் வியாழக்கிழமை கடைக்காரரிடமிருந்து போன் வந்தது. இரண்டு ஊசியும் வந்துவிட்டன, ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன், ஆளை அனுப்புங்கள் என்றார். ரவிக்குமார் அன்றைக்கே லாங் ஐலண்டுக்குப் போய்த் திங்கட்கிழமைப் படகுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு வந்தான். தமிழரசி துணிமணிகளை ஒரு பையில் அடுக்கினாள்.

சனிக்கிழமை காற்று திரும்பித் தெற்கிலிருந்து பலமாக அடிக்க ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை ஜெட்டியில் எச்சரிக்கைக் கொடி ஏறியது. திங்கட்கிழமைப் படகை ரத்து செய்தார்கள். செவ்வாயும் இல்லை. மழை ஒரே வீச்சாக அடித்தது. ரவிக்குமார் குடை பிடித்துக்கொண்டு சுகுணாவின் வாசலுக்கு வந்து, "சிஸ்டர், டீக்கா அங்க கெட்டுப்போகாதே?" என்று கேட்டான்.

"ஃபிரிட்ஜ்ல இருக்கு. ஒண்ணும் ஆகாது. நீ மாத்திரை சாப்பிடறியா?"

"நேத்து விட்டுட்டேன். இன்னிக்கு போட்டாச்சு."

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அவனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். விடிகாலை ஐந்து மணிக்கு நடுக்கம் வந்திருக்கிறது. சுகுணா சொன்னதை அவன் மறக்கவில்லை. சிவப்பு மையில் எழுதிய பட்டையை உடைத்து மாத்திரைகளை விழுங்கினான், ஐந்து நிமிடத்தில் அவ்வளவையும் வாந்தி எடுத்தான். மழை கொஞ்சம் விடட்டும், கொண்டுபோகலாம் என்று கணபதி காத்திருந்தார். மழை விடவில்லை. ஏழரைக்கு அவன் எழுந்து நிற்க முயன்று சரிந்து விழுந்ததும், இருந்த நாற்காலியிலேயே உட்கார வைத்துத் தூக்கிவிட்டார்கள்.

சுகுணா கையைத் தொட்டாள். உடம்பு கொதித்தது, விரல்கள் ஐஸாக இருந்தன. பிரஷர் எண்பதுக்குக் கீழே. அவளிடம் இருந்த செஃப்ட்ரியாக்ஸோன் ஆன்டிபயாடிக் இரண்டு குப்பிகளையும் கலக்கி நரம்பில் ஏற்றினாள். இரண்டு கைகளிலும் சலைன் போட்டாள். ஆக்ஸிஜன் வைத்தாள். புத்தகத்தில் சொன்ன எல்லாவற்றையும் இருபது நிமிடத்துக்குள் செய்து முடித்துவிட்டாள். அதற்கு மேல் செய்ய அவளிடம் ஒன்றும் இல்லை.

ராஞ்சிக்காரப் பெண் ஒருத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு ஜெட்டிக்கு ஓடினாள். டாக்டர் முதல் மணியிலேயே எடுத்தார்.

"கொடுத்ததெல்லாம் சரி. சலைன் இன்னும் ஓட்டுங்க. ஹெலிகாப்டர் கேக்கறேன், லைன்லயே இருங்க" என்றார். இன்னொரு போனில் அவர் யாரிடமோ இந்தியில் கெஞ்சுவது அவளுக்குக் கேட்டது. திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. "மேகம் ரொம்பக் கீழ இருக்காம். மத்தியானம் பாக்கலாம்ங்கறாங்க. டுங்கில லாங் ஐலண்ட் வரைக்கும் கொண்டுபோக முடியுமா? அங்க பெரிய போட் நிக்குது."

"கடல் ரொம்ப மோசமா இருக்கு சார். கொண்டுபோகவா, வேண்டாமா?"

"நான் அவரப் பாக்கல சிஸ்டர், கடலையும் பாக்கல. நீங்கதான் சொல்லணும்."

டுங்கிக்காரர் ஜம்புலிங்கம் பக்கத்திலேயே நின்றிருந்தார். அறுபது வயது, நாற்பது வருடமாக இந்தக் கடலில் போய் வருகிறவர். "கிரீக்கு ஓடைக்குள்ள பரவாயில்ல. ஓடை வாயத் தாண்டுனாத்தான் தெரியும். போறதுன்னா இப்பயே போகணும்" என்றார்.

போகலாம் என்று சுகுணா சொன்னாள். பலகையில் படுக்க வைத்து, மேலே தார்ப்பாய் பிடித்து, அவனைக் கொண்டுபோய் டுங்கியில் இறக்கினார்கள். சலைன் பாட்டிலைக் கணபதி உயர்த்திப் பிடித்துக்கொண்டார். தமிழரசி குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஏறினாள். சதுப்புமரங்களுக்கு நடுவே ஓடை அமைதியாகத்தான் இருந்தது. ரவிக்குமாருக்கு நினைவு இருந்தது.

"சிஸ்டர், திங்கக்கிழமை டிக்கெட்ட மாத்திக் குடுப்பாங்களா?"

"மாத்திக்கலாம். பேசாத."

"அதுல என் பேரு ரவிசங்கர்னு எழுதிட்டான். அப்பவே பாத்திருக்கணும்."

ஓடை கடலில் சேரும் இடத்தில் முதல் அலை டுங்கியைச் செங்குத்தாகத் தூக்கிக் கீழே அறைந்தது. இரண்டாவது அலை உள்ளே இறங்கியது. கணபதி விழுந்தார், சலைன் ஊசி பிடுங்கிக்கொண்டது. ஜம்புலிங்கம் மூன்றாவது அலைக்குள் டுங்கியின் மூக்கைத் திருப்பப் பார்த்தார். எஞ்சின் ஒரு தரம் நின்று மறுபடி பிடித்தது. அவர் யாரையும் கேட்கவில்லை, டுங்கியைத் திருப்பிவிட்டார்.

"ஏலாதும்மா" என்றார் கணபதி, டுங்கியின் தரையில் உட்கார்ந்தபடியே. யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. "ஏலாது."

நிலையத்துக்குத் திரும்பும்போது மணி பத்தரை. புதிதாக ஊசி குத்த சுகுணாவுக்கு நரம்பு கிடைக்கவில்லை. மூன்றாவது இடத்தில் கிடைத்தது. அப்போதுதான் அவன் காது மடலில் கருநீலப் புள்ளிகளைப் பார்த்தாள். பிறகு விரல் நுனிகளில். அரைமணி நேரத்தில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாயின. தமிழரசி அவற்றை ஈரத்துணியால் துடைத்தாள். "போக மாட்டேங்குது அக்கா" என்றாள்.

"துடைக்காத தமிழு. அது உள்ள இருக்கு."

ஹெலிகாப்டர் மத்தியானமும் கிளம்பவில்லை. டாக்டர் பிரேம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜம்புலிங்கத்தின் போனில் பேசினார். ஜம்புலிங்கம் ஜெட்டிக்கும் நிலையத்துக்குமாக மழையில் நடந்து, அவர் கேட்டதை இங்கே சொல்லி, சுகுணா சொன்னதை அங்கே சொன்னார். பிரஷர் எவ்வளவு. மூத்திரம் போனாரா. நினைவு இருக்கிறதா. ஒவ்வொரு தடவையும் பதில் முன்னைவிட மோசமாக இருந்தது. ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ரவிக்குமார் குழந்தைக்குப் பால் கொடுத்தாயா என்று தமிழரசியைக் கேட்டான். அவள் ஆமாம் என்றாள். அதன் பிறகு அவன் பேசவில்லை. ஒன்று இருபதுக்கு மூச்சு நின்றது. சுகுணா அரைமணி நேரம் நெஞ்சை அழுத்தினாள். கணபதி வந்து அவள் தோளைத் தொட்டார். அதற்குப் பிறகுதான் நிறுத்தினாள்.

சனிக்கிழமை கடல் இறங்கியது. முதல் டுங்கியில் டாக்டர் பிரேம் வந்தார். கணபதியின் வீட்டுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தார். வந்தவர்களுக்கு டீ கொடுத்தார்கள், அவர் குடிக்கவில்லை.  கணபதி சுகுணாவின் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டரம்மா, ஒண்ணு கேக்கணும். புள்ளைக்குப் போட்ட மருந்துல மிச்சம் இருந்துச்சாம். தமிழு சொல்லுது. அது எம் மவனுக்குச் சேராதா?"

சேராது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது முழுப் பொய்யும் அல்ல. சுகுணா டாக்டரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல ஐயா" என்றாள். "கொஞ்சம் காப்பாத்தியிருக்கலாம். ஒண்ணும் செய்யாமலும் போயிருக்கலாம். எந்தக் கிருமி வந்துச்சுன்னே நமக்குத் தெரியாது. நான் கேட்டேன். வேண்டாம்னு முடிவாச்சு. நானும் ஒத்துக்கிட்டேன்."

"நான்தான் வேண்டாம்னு சொன்னேன்" என்றார் டாக்டர்.

கணபதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவார் என்று சுகுணா எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலை என்றுகூட அவளுக்கு இருந்தது. அவர் தலையை மட்டும் ஆட்டினார். "சட்டம் அப்படி இருந்தா நீங்க என்ன செய்வீங்க" என்றார். பிறகு எழுந்து வெளியே போய், மழையில் நனைந்து கிடந்த பாக்கைக் கூட்டி அள்ள ஆரம்பித்தார்.

திரும்பும் வழியில் ஜெட்டியில் டாக்டர் பிரேம் நின்றார். "ரவிக்குமார் அன்னிக்கு ஒரு கேள்வி கேட்டார் சிஸ்டர், ரங்கத்துல. சும்மா தண்ணின்னா இன்னொண்ணு போட்டுக்கலாமேன்னு. நான் அத யோசிச்சுக்கூடப் பாக்கல. மறுபடி அதே நிலைமை வந்தா என்ன சொல்லுவேன்னும் தெரியல."

"நீங்க சரியாத்தான் செஞ்சீங்க சார்."

"ஆமா" என்றார் அவர். "எல்லாம் சரியாத்தான் செஞ்சோம்."

மூளைக்காய்ச்சல் ஊசியையும் நிமோனியா ஊசியையும் கடைக்காரர் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டதாகப் பிறகு தெரியவந்தது. தீவில் பெரியவர்களுக்கும் கொஞ்சம் ஊசி வைத்திருக்க வேண்டும் என்று சுகுணா ஒரு கடிதம் எழுதி அனுப்பினாள். மேலே அனுப்பியிருப்பதாக இரண்டு வரியில் பதில் வந்தது.

ஜூலை கடைசியில் தமிழரசி குழந்தையோடு மாயாபந்தரில் இருந்த தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். புறப்படும் முன் ஊசி அட்டையை எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்தாள். சுகுணா ஒன்பதாம் மாதத்துத் தேதியை எழுதி, அடியில் கோடு போட்டு, அங்கே இருக்கும் நர்ஸின் நம்பரையும் எழுதினாள்.

"அன்னிக்கு மூணு ஊசி இருக்கும். தட்டம்மைக்கு ஒண்ணு, நிமோனியாவுக்குக் கடைசி ஒண்ணு, இன்னொண்ணு ஜப்பான் மூளைக்காய்ச்சலுக்கு இருந்தா போடுவாங்க. ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாத."

"போற எடத்துல இருக்குமா அக்கா?"

"குழந்தைங்களுக்கு எல்லா இடத்திலயும் இருக்கும்."

தமிழரசி அட்டையை வாங்கி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.   ஜெட்டியில் ஜம்புலிங்கம் எஞ்சினைக் கிளப்பும் சத்தம் கேட்டது. "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டு, குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு அவள் இறங்கி நடந்தாள். கணபதி மூட்டையோடு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.